நூற்றெட்டு வினைகளும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

ஜூன் 5, புதன்

சான் லோரென்சோ வந்து சேர்ந்தேன். மெக்சிகோவில் பூயெப்லா மாநிலத்து மலையூர். பேருந்தில் கடைசி நான்கு மணி நேரம் என் மடியில் யாரோ ஒருவருடைய வான்கோழி இருந்தது. இறங்கும் வரை அது என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வந்த காரியம் இது. இந்த ஊரில் பேசும் நாவாட்ல் மொழியில் வினைச்சொல்லிலிருந்து தொழிற்பெயர் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்மிடம் 'வாழ்' என்பது வாழ்தல், வாழ்வு, வாழ்க்கை என்றெல்லாம் ஆகிறதல்லவா, அதுபோல. நூற்றெட்டு வினைகள் கொண்ட பட்டியல் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பெயரும், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும். துறைத்தலைவர் ஜூலை பத்தாம் தேதி கேட்டிருக்கிறார். நான் ஒன்பதாம் தேதியே கொடுப்பேன். எதிலும் துல்லியம் வேண்டும் எனக்கு.

கைக்கடிகாரத்தை மாற்றுவது சுலபமாக முடிந்தது. இந்தியாவைவிட இந்த ஊர் பதினொன்றரை மணி பின்னால். முள் ஓடுகிற கடிகாரத்தில் அரை மணி முன்னால் தள்ளினால் கணக்குச் சரி. கிழமையும் தேதியும் தானாகக் காட்டும் கடிகாரம் இது. பதினேழு வருஷத்தில் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

கைபேசியை அணைத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். சார்ஜ் மிச்சமாகும். வேறு காரணம் எதுவும் இல்லை.

மனைவி வசுமதிக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, ஜூலை முதல் பழனியில் போஸ்ட் மாஸ்டர். நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "பழனி வீட்டுக்கு ஒரு சாவிதான் செய்யச் சொல்லிருக்கேன்" என்றாள். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டேன், ஒன்று போதுமா என்று. "எனக்கு ஒண்ணு போதும்" என்றாள். இந்த நாட்குறிப்பு ஆய்வுக்கானது. குடும்ப விஷயத்துக்கு இதில் இடம் இல்லை.

ஜூன் 6, வியாழன்

தங்கியிருப்பது தோன்யா பிலோமெனா வீட்டில். தோன்யா என்பது மரியாதைச் சொல், நாம் பெயருக்குப் பின்னால் 'அம்மா' சேர்ப்பது போல. வயது நாற்பதுக்குள். திண்டுக்கல்லில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா டீச்சர். அதனாலோ என்னவோ இவரைப் பார்த்தாலே பிரம்படிக்குக் கையை நீட்டத் தோன்றுகிறது.

நாவாட்லும் ஸ்பானிஷும் சரளமாகத் தெரிந்தவர் என்று சொல்லித்தான் இவரை எனக்கு ஏற்பாடு செய்தார்கள். ஊர் ஒலிபெருக்கி இவர் கையில் இருப்பதைச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் ஓர் அறை, அதில் மைக்கும் பெட்டியும், அறைக்கு மேலே கம்பத்தில் நாலு திசைக்கு நாலு குழாய். அதற்கு நேர் கீழே என் கட்டில். காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்கக் கேட்கும்: இன்று யார் வீட்டில் பன்றி அறுக்கிறார்கள், யாருடைய ஆடு காணவில்லை, எரிவாயு வண்டி எத்தனை மணிக்கு வரும்.

வேலை தொடங்கியது. இங்கே வினையின் வாலில் 'லிஸ்' சேர்த்தால் பெயர். நெமி என்றால் வாழ், நெமிலிஸ் வாழ்வு. கோச்சி என்றால் உறங்கு, கோச்சிலிஸ் உறக்கம். ஒரு மணி நேரத்தில் பதினோரு சொல் கிடைத்தது. ஒரு நுணுக்கமும் உண்டு. நேசி, ஏமாற்று, காத்திரு போன்ற வினை என்றால், யாரை அல்லது எதை என்பதைப் பெயரின் தலையிலேயே வைத்துவிட வேண்டும். ஆள் என்றால் 'தெ', பொருள் என்றால் 'தா'. மனிதரை நேசிப்பது ஒரு சொல், சோளத்தை நேசிப்பது வேறு சொல்.

"சும்மா நேசம்னு பொதுவா ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டேன்.

"யார் மேலயும் இல்லாத நேசத்த வச்சுக்கிட்டு என்ன செய்றது, மாயெஸ்த்ரோ?" என்றார். மாயெஸ்த்ரோ என்றால் வாத்தியார். இந்த ஊரில் என் பெயர் இனி அதுதான்.

ஜூன் 8, சனி

பேரிடர். நிதானமாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டாவது வினை 'ஏமாற்று'. நான் கொடுத்த எடுத்துக்காட்டு, "ஹுவான் மரியாவை ஏமாற்றினான்." உலகத்தில் எல்லா மொழியியலாளர்களும் ஸ்பானிஷ் நாடுகளில் ஹுவானையும் மரியாவையும்தான் வைத்து வாக்கியம் அமைப்பார்கள். நம்மிடம் இராமனும் சீதையும் போல.

தோன்யா பிலோமெனாவுக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் அவர் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. மாடிக்குப் போய் மைக்கைப் போட்டார். "அறிவிப்பு, அறிவிப்பு. ஹுவான் மரியாவ ஏமாத்திருக்கான். இதுக்கு நம்ம பாட்டன் காலத்துல என்ன சொல்லுவாங்கன்னு தெரிஞ்சவங்க உடனே வரவும்."

ஊரில் ஏழு ஹுவான்கள் இருக்கிறார்கள். மரியாக்களை யாரும் எண்ணியதில்லை. பத்து நிமிஷத்தில் வாசலில் கூட்டம். ஆறு ஹுவான்கள் தாங்கள் இல்லை என்று சொல்ல வந்தார்கள். ஏழாவது ஹுவான், பன்றிக்கறி விற்பவர், வரவே இல்லை. அவருடைய மனைவி மரியா வந்தார், கையில் கறி வெட்டும் கத்தியோடு. எனக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை நாளாகத் தெரியும், அவள் யார், என்று மூன்று கேள்வி.

எடுத்துக்காட்டு என்றால் என்ன என்று விளக்கினேன். "நடக்காதத எதுக்குச் சொல்லணும்?" என்றார் கறிக்கடை மரியா. ஊரே தலையாட்டியது.

சொல் கிடைத்துவிட்டது: தெகஹ்கயாவாலிஸ். ஏழாவது ஹுவான் இன்று மாட்டுக்கொட்டகையில் படுத்திருக்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

மலைச்சாரலில் காலைத் தண்ணீர் பனிக்கட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளித்து, கடிகாரம் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஒரு நாய் மட்டும் இருந்தது.

ஜூன் 10, திங்கள்

புதிய ஒப்பந்தம். இனி எந்த வாக்கியத்திலும் உள்ளூர்ப் பெயர் வரக்கூடாது. "ஒங்க ஊர்ப் பேரா வச்சுக்கங்க. எவனும் கத்தியத் தூக்கிட்டு வரமாட்டான்" என்றார் தோன்யா பிலோமெனா. நியாயம்தான்.

வாயில் முதலில் வந்த இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டேன். ஞானம், வசுமதி. என் பெயர் திருஞானம், ஞானம் அல்ல, ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டாவது பெயர் உச்சரிக்க எளிது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இன்று முடித்தவை: பேசு (வசுமதி மைக்கில் பேசினாள்), எழு (ஞானம் கூட்டத்தில் எழுந்தான்), சிரி (எல்லாரும் சிரித்தார்கள்), மடி (வசுமதி தாளை மடித்தாள்), உட்கார் (வசுமதி உட்கார்ந்தாள்). சீராகப் போகிறது.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஏன் உட்காந்தா?" என்று கேட்டார்.

ஜூன் 12, புதன்

ஒவ்வொரு வாக்கியமும் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்கிறது. சொல் சரியா என்று ஊரைக் கேட்காமல் தோன்யா பிலோமெனா எதையும் எழுதவிடமாட்டார். 'அறிவிக்கிறவ தப்பா அறிவிச்சா ஊரே தப்பா நடக்கும்' என்பது அவருடைய தொழில் தர்மம். அதனால் ஊர் இப்போது மாலை நாலு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு வசுமதி கதைக்குக் காத்திருக்கிறது. கறிக்கடை மரியா கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை நிரந்தரமாகப் பிடித்துவிட்டார்.

"ஞானம் எதுக்கு எந்திரிச்சான்?" என்றார்.

"எடுத்துக்காட்டும்மா அது. காரணமெல்லாம் கிடையாது."

"காரணமில்லாம எவன் எந்திரிப்பான்?"

நாற்பத்தொன்றாவது வினை 'திருத்து' என்பதால் சொல்ல வேண்டியதாயிற்று. ஆய்வின் பொருட்டு மட்டும் சொன்னேன். வசுமதிக்குப் பாராட்டு விழா. இருபது வருஷ வேலையில் அவள் முதன்முதலாக மைக் பிடிக்கிறாள். கணவனை முதன்முதலில் பார்த்ததைச் சொல்கிறாள். "ஒரு செவ்வாய்க்கிழமை" என்கிறாள். ஞானம் எழுந்து, "புதன்கிழமை" என்கிறான், ஏனென்றால் அது புதன்கிழமை. "நல்ல மழை" என்கிறாள். "தூறல்தான்" என்கிறான். "நீலச் சட்டை போட்டிருந்தாரு" என்கிறாள். "சாம்பல்" என்கிறான். மண்டபம் சிரிக்கிறது. அவள் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

கறிக்கடை மரியா நாற்காலியை என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மீதிப் பேச்சு என்ன?" என்றார் தோன்யா பிலோமெனா.

"தெரியாது."

"கேக்கவே இல்லையா?"

"எடுத்துக்காட்டில் அதெல்லாம் இருக்காது" என்றேன். 'திருத்து' என்பதற்குச் சொல் கேட்டேன். "கம்பு வளஞ்சா நிமித்தலாம். பாதை கோணினா நிமித்தலாம். அதுக்குச் சொல் உண்டு. ஆள நிமித்துறதா? நான் கேட்டதில்ல" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். முழுமையற்ற பட்டியல் எனக்கு அரிப்பெடுக்கும்.

ஜூன் 13, வியாழன்

மதியச் சூப்பில் கறி இல்லை. மற்ற எல்லார் கிண்ணத்திலும் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

தவறு என்னுடையது. ஊருக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசினால் சூப்பில் கறி திரும்பி வரும் என்று நினைத்தேன். அரைப் பக்கம் நாவாட்லில் எழுதி, மனப்பாடம் செய்து, மாடியறையில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் வந்து சேர்ந்த கதை, கடைசியில் தோன்யா பிலோமெனாவுக்கு நன்றி. அந்தக் கடைசி வரிக்காக ஒரு ராத்திரி முழுக்க உழைத்திருந்தேன்.

"நான் இந்த ஊருக்கு ஒரு புதன்கிழமை வந்தேன்" என்றேன்.

தெருவிலிருந்து ஒரு குரல்: "செவ்வாய்!"

"மழை பெய்துகொண்டிருந்தது."

"மழையா அது? மூடுபனி!"

"என் மடியில் ஒரு கறுப்பு வான்கோழி இருந்தது."

"பழுப்பு! அது என் கோழி, எனக்குத் தெரியாதா?"

ஊர் சிரித்தது. மலையில் சிரிப்பு திரும்பி வேறு வரும். ஆயிரத்து இருநூறு பேர் இரண்டு தடவை சிரித்த மாதிரி இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வரி மறந்துவிட்டது. தாளைப் பார்த்தேன், எழுத்தெல்லாம் என் கையெழுத்து மாதிரியே இல்லை. தாளை மடித்தேன். நாலாக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தேன்.

அப்படித் தேய்ப்பது வசுமதியின் பழக்கம். அன்று மேடையில் தேய்த்தாள்.

(எப்படியும் நான் வந்தது புதன்கிழமைதான்.)

ஜூன் 16, ஞாயிறு

மறுபடியும் மதியம் சந்தைக்குப் போனேன். அதே நாய். இந்த முறை வாலாட்டியது.

தோன்யா பிலோமெனாவிடம் முறையிட்டேன்: ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று சொல்லிவிட்டு இரண்டு வாரமாக நடத்தவில்லையே. "இன்னைக்குச் சனிக்கிழமை" என்றார். ஞாயிறு என்றேன். கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சுவர் நாட்காட்டியைக் காட்டினார். அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றேன். வானொலியைக் காட்டினார். அவர்களும் மனிதர்கள்தானே என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் மாடிக்குப் போனார். "அறிவிப்பு, அறிவிப்பு. இன்னைக்கே ஞாயித்துக்கிழமைன்னு வாத்தியார் சொல்றாரு. பூசை வேணும்ங்கறவங்க அவர் அறைக்குப் போகலாம்."

நாலு பேர் வந்தார்கள். ஒருவர் மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தார்.

ஜூன் 17, திங்கள் (அடித்துவிட்டேன்) ஜூன் 16, ஞாயிறு

இதை எழுதக் கை கூசுகிறது.

இன்று காலை மணி சத்தம். மாதா கோவிலில் பூசை. அதன் பின் சந்தை, சந்தையில் ஊர் முழுக்க. நாயைக் காணவில்லை. கடிகாரம் அந்த நேரத்தில் ஞாயிறு என்றே காட்டியது. சரி, என் பக்கம்தான் என்று நினைத்தேன். பிறகு ஏதோ உறுத்த, பதினோரு மணியிலிருந்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, உச்சி வெயிலில், ஞாயிறு மெல்ல நகர்ந்து திங்கள் வந்து உட்கார்ந்தது.

முள்ளை அரை மணி தள்ளினேனே தவிர, பாதி நாள் பின்னால் கொண்டுபோகவில்லை. கடிகாரத்துக்கு இங்கே நண்பகல் என்பது நள்ளிரவு. மதியம் குளித்துவிட்டுத்தான் கட்டுகிறேன், மாலையில்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆகவே வந்த நாள் முதல் நாளைய தேதியில் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். இந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு தேதியும் தப்பு.

வந்தது செவ்வாய்க்கிழமை. வான்கோழிகூடப் பழுப்பாகத்தான் இருந்திருக்கும்.

தோன்யா பிலோமெனாவிடம் போய்ச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். அவர் போடவில்லை. "இதுல அறிவிக்க என்ன இருக்கு? உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியுமே" என்று இரண்டு மாம்பழம் கொடுத்தார்.

ஜூன் 17, திங்கள் (உண்மையாகவே)

கைபேசியை எடுத்தேன். மாடியறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தோன்யா பிலோமெனா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வசுமதியிடமிருந்து ஒரே ஒரு செய்தி, ஜூன் ஆறாம் தேதி அனுப்பியது. "22ஆம் தேதி காலைல பழனிக்குச் சாமான் ஏத்துறேன். ஒங்க புத்தகம் பதினாலு பெட்டி இருக்கு. என்ன செய்யட்டும்? பதில் வரலேன்னா ஒங்க அண்ணன் வீட்டுல இறக்கிருவேன்."

பதினோரு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஐந்து நாள்.

புத்தகங்களைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. பதினாலாவது பெட்டி அண்ணன் வீட்டில் இறங்கினால் பதினைந்தாவதாக நானும் அங்கேதான் இறங்க வேண்டும். அண்ணிக்கு என்னைக் கண்டால் ஆகாது.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வரைவு. எல்லாவற்றிலும் 'ஆனால்' வருகிறது.

ஜூன் 18, செவ்வாய்

வேலை மும்முரம். தொண்ணூறு வினை முடிந்தது. பதில் அனுப்ப நேரம் இல்லை.

ஜூன் 19, புதன்

தொண்ணூற்று நான்கு. நேரம் இல்லை. மூன்று மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

தொண்ணூற்றேழாவது வினை 'மன்னி'. தோன்யா பிலோமெனா யோசிக்காமல் சொன்னார்: தெதபோஹ்போலுயிலிஸ். ஆளை மன்னிப்பது. எழுதிக்கொண்டேன். எடுத்துக்காட்டுக்காகப் பேனாவைத் தூக்கினேன்.

"வசுமதி ஞானத்தை..." என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

"சொல்லுங்க" என்றார் கறிக்கடை மரியா.

"வேற பேர் போட்டுக்கலாம்" என்றேன். "ஹுவான் போட்டுக்கலாம்."

"என் ஹுவான இழுக்காதீங்க. அவன் போன வாரமே கொட்டகையிலேர்ந்து வந்து வாசல்ல நின்னு, நாலு பேர் கேக்க, தப்புன்னு சொன்னான். அப்பறந்தான் உள்ள விட்டேன்."

"அவர் உண்மையிலேயே ஏதாவது செஞ்சாரா?"

"செய்யல. ஆனா வந்து நின்னான்ல?"

தோன்யா பிலோமெனா என் நோட்டை மூடினார். "மாயெஸ்த்ரோ, நான் பதினாறு வருஷமா அறிவிக்கிறேன். ஆடு காணோம்னு சொல்லுவேன், ஆட்டுக்காரன் என் பக்கத்துல நின்னு 'யாரோட ஆடோ தெரியல'ம்பான். குரல்லயே தெரியும் எனக்கு. ஞானத்துக்கு எப்ப பேசணும்?"

அழுதேன். எழுதிவைக்கிறேன், ஏனென்றால் துல்லியம் முக்கியம். சோகா என்றால் அழு, சோகிலிஸ் அழுகை, பட்டியலில் எட்டாவது. மரியா கறி கட்டும் துணியைக் கொடுத்தார், அதில் மிளகாய் இருந்ததால் பாதி அழுகை அதன் கணக்கு.

"காலைல ஏழு மணிக்கு" என்றேன். "அப்ப எங்க ஊர்ல சாயங்காலம் ஆறரை."

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு மாடியறை. தோன்யா பிலோமெனா, கறிக்கடை மரியா, நான். போன் இரண்டாவது தடவை அடிக்கும்போதே வசுமதி எடுத்தாள். பின்னால் பெட்டிகளை இழுக்கும் சத்தம்.

"சொல்லுங்க" என்றாள்.

"வசு, தப்புப் பண்ணிட்டேன். ஒன் பேச்ச நிறுத்துனது தப்பு. புதனோ செவ்வாயோ, அத அங்க எந்திரிச்சுச் சொன்னது தப்பு. ஒன் மேடை அது. என்னை மன்னிச்சிரு."

'ஆனால்' வரவில்லை. நானே ஆச்சரியப்பட்டேன்.

பெட்டி இழுக்கும் சத்தம் நின்றது. பிறகு, "ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தை, சந்தை நாயை, பூசைக்கு வந்த நாலு பேரை, வான்கோழியை, மைக்கில் நான் தாளை மடித்ததை. கடிகாரம் மதியத்தில் தேதி மாற்றியதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். போஸ்ட் ஆபீசில் தினமும் காலையில் முத்திரையில் தேதி மாற்றுகிறவள். பன்னிரண்டு நாள் தப்புத் தேதியில் வாழ்ந்தவனைப் பார்த்துச் சிரிக்க அவளைவிட உரிமை யாருக்கு இருக்கிறது.

"அங்க மைக் இருக்கா?" என்றாள்.

"முன்னாலதான் இருக்கு."

"எத்தன பேருக்குக் கேக்கும்?"

"ஆயிரத்தி எரநூறு பேருக்கு. ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனா எல்லாருக்கும் ஒன்னத் தெரியும்."

"எப்டி?"

"அது... எடுத்துக்காட்டா."

தாள் பிரிக்கும் சத்தம் கேட்டது. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அந்த நாலு மடிப்பும் பிரிவது எனக்குக் கேட்டது.

"சரி. நான் மீதியப் பேசி முடிக்கிறேன். நீங்க வரிக்கு வரி அவங்களுக்குச் சொல்லணும். ஒரு வார்த்த கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, திருத்தக்கூடாது."

தோன்யா பிலோமெனா மைக்கைப் போட்டார். "அறிவிப்பு, அறிவிப்பு. வசுமதி பேசுறா" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே தெருவில் கதவுகள் திறந்தன.

"அன்னைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை" என்றாள் வசுமதி.

"ஒரு செவ்வாய்க்கிழமை" என்றேன் நாவாட்லில்.

"நல்ல மழ."

"நல்ல மழை."

"நீலச் சட்ட போட்டிருந்தாரு."

"நீலச் சட்டை." என் நாக்கு ஒரு தடவை துடித்தது. கடித்துக்கொண்டேன். மரியா என் தோளில் தட்டினார்.

"ஆய்வேட்டப் பதிவுத் தபால்ல அனுப்ப வந்தாரு. கவுன்ட்டர்ல தலையவே நிமித்தல. மழையில பொட்டலம் நனைஞ்சிருச்சான்னு மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அவரையே பாத்தேன். ரசீது குடுத்தேன், அத மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டாரு."

வரிக்கு வரி சொன்னேன். ரசீதை வைத்துவிட்டுப் போனது எனக்கு நினைவிருக்கிறது. மேலே என்ன வரப்போகிறது என்று தெரியவில்லை.

"மறுநாள் ரசீதக் கேட்டு வந்தாரு. அன்னைக்குப் புதன்கிழம. தூறல். சாம்பல் சட்ட. ரசீது என் டிராயர்லதான் இருந்துச்சு. கிடைக்கலன்னு சொன்னேன். அப்பத்தான் மொதத் தடவையா நிமிந்து என்னப் பாத்தாரு. தேடி வைக்கிறேன், நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். அடுத்த நாளும் வந்தாரு. அதுக்கடுத்த நாளும் வந்தாரு. ஒன்பது நாளு."

டிராயர் என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். ஊர் காத்திருந்தது. தோன்யா பிலோமெனா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு ஒன்பது நாள் என்பது வரை சொல்லி முடித்தேன்.

"அவருக்குப் புதன்கிழமதான். அவரு சொல்றது தப்பில்ல. அது அவரு என்னப் பாத்த நாளு. நான் அவரப் பாத்தது செவ்வாய்க்கிழம. பதினாலு வருஷமா அந்த ரசீத வச்சிருக்கேன். இன்னைக்கு இந்த மேடையில எல்லாருக்கும் முன்னால அத அவருகிட்ட குடுக்கலாம்னு கொண்டுவந்திருக்கேன். நன்றி, வணக்கம்."

கடைசி வரியையும் சொன்னேன். கொண்டுவந்திருக்கிறேன் என்று நிகழ்காலத்திலேயே சொன்னேன், அவள் எழுதியபடி.

ஏழாவது ஹுவான் கறிக்கடை வாசலிலிருந்து, "ஒன்பது நாளு அந்த மடையனுக்குப் புரியலையா?" என்று கத்தினார். ஊர் சிரித்தது, மலையும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் வசுமதி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

ஜூன் 22, சனி

சூப்பில் கறி. இரண்டு துண்டு எலும்போடு.

காலை ஆறு மணி அறிவிப்பு: ஹுவான் வீட்டில் பன்றி அறுக்கிறார்கள், எரிவாயு வண்டி பத்து மணிக்கு, வாத்தியாருடைய பதினாலு பெட்டியும் பழனிக்குப் போகின்றன. மூன்றாவது செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். வசுமதியின் எண்ணைத் தோன்யா பிலோமெனா நேற்றே குறித்துக்கொண்டாராம். ஒரு மொழியும் பொதுவில்லாமல் இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

ஜூலை 8, திங்கள்

பட்டியல் முடிந்தது. நூற்றேழு. நாற்பத்தொன்றாவது கட்டம் காலியாகவே போகிறது. "ஊராரைக் கேட்டாயிற்று, வழக்கில் இல்லை" என்று ஓரக்குறிப்பு எழுதினேன். அரிப்பெடுக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி ஊர் வந்தது. பழுப்பு வான்கோழியின் உரிமையாளர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், நிறத்தை நான் நேரில் பார்த்து ஒப்புக்கொள்வதற்காக. ஒப்புக்கொண்டேன். நல்ல பழுப்பு.

சிக்னல் போவதற்கு முன் வசுமதியை அழைத்தேன். பழனி வீட்டுச் சாவி பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் அந்த ரசீதை இப்போதாவது தருவாயா என்று கேட்டேன்.

"போன்ல எப்டி தர்றது? கவுன்ட்டருக்கு வந்து கேளுங்க."

"வந்தா குடுப்பியா?"

"கிடைக்கலன்னு சொல்லுவேன்" என்றாள். "நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன். ஒன்பது நாளு வாங்க. தங்க எடம் இருக்கு, ரெண்டாவது சாவி செஞ்சாச்சு."